‘ஆம்’ உதிர்ந்த செய்திகள்

தமிழ்ப் பேச்சில் ஒரு சின்ன இடைச்சொல் இருக்கிறது. ‘நாளைக்கு ஸ்கூல் இல்லையாம்’, ‘அரிசி விலை கூடப் போகுதாம்’, ‘அவர் கட்சி மாறிட்டாராம்’ என்று சொல்லும்போது வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆம்’. நான் பார்க்கவில்லை, எனக்கு ஒருவர் சொன்னார், பொறுப்பு என்னுடையதல்ல என்ற மூன்றையும் அந்த ஓரசை சொல்லிவிடுகிறது. சிங்களத்தில் இதே வேலையை ‘லு’ செய்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். இந்த நாட்டின் இரண்டு மொழிகளிலும், கேட்ட செய்தியைக் கேட்ட செய்தி என்றே சொல்வதற்கு வசதி இருக்கிறது. அப்படியிருந்தும் கேட்ட செய்தியால் கடைகள் எரிந்தது இந்த நாட்டில்தான்.

ஒரு செய்தி கையிலிருந்து கைக்குப் போகும்போது முதலில் உதிர்வது இந்த ‘ஆம்’தான். முதல் ஆள் ‘போட்டிருக்காங்களாம்’ என்கிறார். இரண்டாமவர் ‘போட்டிருக்காங்க’ என்கிறார். மூன்றாமவர் அதை வாட்ஸ்அப்பில் எழுதும்போது ‘போட்டுள்ளனர்’ என்று இலக்கணத் தமிழாகிவிடுகிறது. இலக்கணத் தமிழில் வந்துவிட்டால் நம்மவர்களுக்கு அது பத்திரிகையில் வந்ததற்குச் சமம்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி. தேர்தல் காலத்திலும், ஊருக்கு ஒரு பிரச்சினை வரும் காலத்திலும் பழைய மாணவர்கள், ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் நிற்பவர்கள், சில வேளை சக ஆசிரியர்களும் கேட்பார்கள்: ‘சேர், நடுநிலையான பேப்பர் எது? எதைப் பார்த்தா உண்மை தெரியும்?’ கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் கேள்வி தவறான கதவைத் தட்டுகிறது என்பது என் எண்ணம். நடுநிலையான பத்திரிகை என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதால்தான், யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்ற சாதாரணக் கேள்விகளை நாம் கேட்காமல் விடுகிறோம்.

பக்கச்சார்பு புதிய நோயல்ல. சித்திலெப்பை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பக்கச்சார்பற்ற பத்திரிகையா? பெயரிலேயே பக்கம் இருக்கிறது. சமூகம் கல்வியில் எழ வேண்டும் என்ற ஒரே பிடியில் நின்றது அது. அந்தப் பிடி வெளிப்படையாக இருந்ததால் வாசகனுக்கு அதனால் மோசமில்லை. எங்கள் வாப்பா தினகரன் வாசிப்பவர். 1973இல் லேக் ஹவுஸ் அரசாங்கத்தின் கைக்குப் போன பின்னும் அதை விடவில்லை. ஏன் வாப்பா, அது அரசாங்கத்துப் பேப்பர்தானே என்று ஒருமுறை கேட்டேன். ‘அதனாலதான் வாசிக்கிறன். அரசாங்கத்துக்குப் புடிக்காத ஒண்டு அதுல வந்திட்டா, அது நடந்ததுதான்’ என்றார். வாப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவர் சொன்னது ஹதீஸ் கலையின் ஒரு விதி. அதை நான் பிற்பாடு வாசித்தபோதுதான் அறிந்தேன்.

அந்த விதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் செய்தித் தமிழைப் பார்ப்போம்.

உயர்தர வகுப்பில் செயப்பாட்டு வினை படிப்பிக்கும் நாளில் ஒரு வாரப் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு செய்தியிலும் முக்கியமான வினைச்சொல்லுக்கு அடியில் கோடிடுங்கள், அதன் எழுவாயை எதிரில் எழுதுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் வகுப்பு திணறிவிட்டது. ‘எனத் தெரியவருகிறது’: யாருக்குத் தெரியவருகிறது? ‘எனக் கூறப்படுகிறது’: யாரால்? ‘என நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன’: வட்டாரம் எப்படித் தெரிவிக்கும்? பாதிக்கு மேற்பட்ட செய்திகளின் எதிரில் வெற்றிடம்தான். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, ‘சேர், இதுல ஆருமே ஒண்டும் சொல்லல்லையே. எல்லாம் தானாச் சொல்லப்பட்டிருக்கு’ என்றாள். எனது பாடக் குறிப்பைவிட அது தெளிவாக இருந்தது.

எழுவாயுள்ள செய்திகளிலும் பலவற்றின் எழுவாய் மனிதராக இல்லை. ‘சமூக ஆர்வலர்கள் விசனம்’, ‘பிரதேசவாசிகள் அங்கலாய்ப்பு’, ‘புத்திஜீவிகள் கோரிக்கை’. இந்தச் சமூக ஆர்வலர்கள் எத்தனை பேர்? அநேகமாக ஒருவர். அவர் அந்தச் செய்தியை எழுதியவராகவும் இருக்கலாம். பெயரைப் போட்டால் அவர் எந்தக் கட்சி, எந்த எம்பியின் ஆள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பன்மையில் போட்டால் ஊரே சொன்னதாகிவிடும். நம் செய்தித் தமிழில் பன்மை விகுதி பார்க்கிற வேலையைப் பற்றி யாராவது ஓர் ஆய்வேடு எழுதலாம்.

பெயர் சொல்ல முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. இந்த நாட்டில் ஊடகவியலாளர்கள் பட்டதை அறிவோம். தகவல் தந்தவரின் உயிருக்கோ தொழிலுக்கோ ஆபத்து என்றால் பெயரை மறைப்பது கடமை. அப்போதும் அவர் எந்தப் பதவியில் இருப்பவர், அதைக் கண்ணால் கண்டாரா, கோவையில் பார்த்தாரா, மற்றவர் சொல்லிக் கேட்டாரா என்பதைப் பெயரில்லாமலே எழுத முடியும். பிரதேச சபையில் குழாய் கொடுத்த செய்திக்கும் ‘வட்டாரங்கள்’ எதற்கு?

இனி ஹதீஸ் கலைக்கு வருகிறேன். இதை நான் முறையாகப் படித்தவனல்லன்; மத்ரஸாவில் ஓதியவர்கள் பிழை கண்டால் திருத்தட்டும். ஆனால் இதன் அடிப்படைகள் நம் வீட்டுச் சொத்து. ஒரு செய்திக்கு இரண்டு பாகம்: சொல்லப்பட்டது மத்ன், யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற வரிசை இஸ்னாத். வரிசையில் ஒருவர் யாரென்றே தெரியாவிட்டால் அவர் மஜ்ஹூல். வரிசை நடுவில் அறுந்திருந்தால் முன்கதிஃ. இவை பலருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று தத்லீஸ். ஓர் அறிவிப்பாளர் ‘நான் கேட்டேன்’ என்று திட்டமாகச் சொல்லாமல், ‘இன்னாரைத் தொட்டும்’ என்று மழுப்பலாகச் சொல்லுவார். நேரே கேட்டதுபோல் தோன்றும். நடுவில் ஒரு பலவீனமான ஆள் மறைந்திருப்பார். பொய் என்று பிடிக்க முடியாது, ஏனெனில் அவர் நேரே கேட்டதாகச் சொல்லவேயில்லை. இதற்கு விமர்சகர்கள் வைத்த வழி அழகானது. தத்லீஸ் செய்யும் பழக்கமுள்ளவர் என்று பேரெடுத்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ‘அன்’ என்று சொன்னால் ஏற்பதில்லை. ‘ஸமிஃது’, ‘ஹத்தஸனா’ என்று தெளிவாகச் சொன்னால் ஏற்பார்கள். ஆளின் தக்வாவை மட்டும் பார்த்து அவர்கள் விட்டுவிடவில்லை. வாக்கியத்தில் அவர் பாவித்த சொல்லைப் பார்த்தார்கள். ஓர் இடைச்சொல்லில் ஒரு செய்தி நிற்கும் அல்லது விழும்.

‘எனத் தெரியவருகிறது’ என்பது நமது தத்லீஸ். இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இதன் விளைவு மொழிப் பிழையோடு நிற்பதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் நடந்ததை எடுங்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்ட ஒருவர் உணவுக்குள் ஒரு கட்டியைக் கண்டு அது ‘வந்த பெத்தி’, மலட்டு மாத்திரை என்று சத்தம் போட்டார். கூட்டம் கூடியது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ்ந்து நின்று கேட்ட கேள்விக்கு அவர் ஆமென்ற பொருள்படும்படி எதையோ சொன்னார். அது படமாக்கப்பட்டது. கடையும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அந்தக் காணொலி நாடு முழுக்கப் போனது. சில நாட்களில் திகன. தாக்குதலுக்குள்ளான லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி உயிரிழந்தார், அதன் பிறகு கண்டி மாவட்டத்தில் நடந்ததை இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்பாறையில் எடுத்த மாதிரியைப் பரிசோதித்த அரசாங்கப் பகுப்பாய்வாளர் அது மாப்பொருள் கட்டி என்று அறிக்கை கொடுத்தார். அறிக்கை வந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. முகநூல் நிறுவனம் தனது பங்குக்காக வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.

இந்தச் சம்பவத்தை ‘பொய்ச் செய்தி’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். எனக்கு அது போதாது. அந்தக் காணொலியைப் பார்த்த ஒரு சாதாரண சிங்கள மனிதனை எண்ணிப் பாருங்கள். அவனைப் பொறுத்தவரை ‘ஆம்’ போட வேண்டிய தேவையே இல்லை. அவன் கண்ணால் பார்த்தான், காதால் கேட்டான். கடைக்காரரே ஒப்புக்கொண்டார். இதைவிட நேரான இஸ்னாத் உண்டா? ஆனால் கேள்வி ஒரு மொழியில், விளங்கியது இன்னொரு மொழியில், பதில் அச்சத்தில். வற்புறுத்திப் பெறும் ஒப்புதலை நம் பிக்ஹு ஏற்பதில்லை. நாட்டின் சாட்சியச் சட்டமும் ஏற்பதில்லை. ஆகவே படம் என்பது பார்த்ததற்குச் சமமல்ல. கெமரா எங்கே நின்றது, அதற்கு முன் என்ன பேசப்பட்டது, பேசியவருக்குக் கேள்வி விளங்கியதா என்பதையெல்லாம் கேட்டாக வேண்டும். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது. அதன் பின்னணியாகத் தஃப்ஸீர்களில் பரவலாகச் சொல்லப்படும் சம்பவமும் இதே வகைதான்: ஸகாத் சேகரிக்கப் போனவர், தன்னை எதிர்கொள்ள வந்த கூட்டத்தைக் கொல்ல வந்ததாக எண்ணித் திரும்பி வந்து, அவர்கள் ஸகாத் தர மறுத்துவிட்டதாகச் சொன்னார். அவரும் கூட்டத்தைக் கண்ணால் கண்டவர்தான்.

அடுத்த வருடம் குருநாகல். 2019 மே 23ஆம் திகதி திவயின பத்திரிகை தன் முதற்பக்கத்தில், தவ்ஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு மலட்டுச் சத்திரசிகிச்சை செய்ததாகச் செய்தி போட்டது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம். செய்தியில் வைத்தியரின் பெயரில்லை. எண்ணிக்கை மட்டும் முழு எண்ணாக, பளிச்சென்று இருந்தது. பெயரில்லாத இடத்தில் நாடு ஒரு பெயரை இட்டு நிரப்பியது. ஒரு வைத்தியர் கைதானார், அவரது குடும்பம் சிதறியது, நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் உடம்பையே சந்தேகித்து முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண்களையும் நினைக்கத்தான் வேண்டும். பொய்க்கு அவர்களும் பலி. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதம் நீதிமன்றத்துக்குச் சொன்னது ஆதாரமில்லை என்றுதான். ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது, பின்னாளில் சேவையிலும் மீண்டும் சேர்க்கப்பட்டார். முதற்பக்கச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் நீதிமன்றச் செய்தியையும் படித்தார்கள்?

இதில் நான் கவனிக்க விரும்புவது இன்னொன்று. கிழக்கில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் திவயின வாசிப்பதில்லை, வாசிக்கத் தெரியாது. அந்தச் செய்தி நமக்கு வந்தது மொழிபெயர்ப்பாக, அதுவும் யாரோ ஒருவர் அவசரத்தில் தட்டச்சு செய்த வாட்ஸ்அப் மொழிபெயர்ப்பாக. அதில் சில பந்திகள் மூலத்தில் உள்ளவை, சில அவர் கோபத்தில் சேர்த்தவை. எது எது என்று பிரிக்க வழியில்லை. இந்த நாட்டின் அரசியல் பெரும்பாலும் சிங்களத்தில் பேசப்படுகிறது, நாம் அதைத் தமிழில் கேட்கிறோம். இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் நம் இஸ்னாதின் மஜ்ஹூல். ஓர் அமைச்சர் சிங்களத்தில் ‘பார்க்கலாம்’ என்றது தமிழில் ‘உறுதியளித்தார்’ ஆவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். மேல், தென் மாகாணங்களில் நம் பிள்ளைகள் சிங்கள மொழியில் படிக்கிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்த அந்தத் தலைமுறையை நாம் இன்னும் இந்த வேலைக்கு எடுக்கவில்லை.

இவ்வளவும் மற்றவர்கள் நமக்குச் செய்தவை. இதோடு நிறுத்தினால் கட்டுரைக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் திகன நாட்களில் நம் குழுக்களில் ஓடியவற்றையும் நினைவுபடுத்த வேண்டும். ‘இன்டைக்கு ராவைக்கு எங்கட பக்கம் வாறாங்களாம்’, ‘பஸ்ஸில ஏத்தி இறக்கியிருக்காங்களாம்’. குரல் பதிவுகள், அழுதழுது பேசும் பெண் குரல்கள். எந்த ஊர் என்று இல்லை, எந்த நாள் என்று இல்லை. ஒரே பதிவு இரண்டு மாவட்டத்தில் இரண்டு ஊரின் பெயரோடு சுற்றியது. பயம் உண்மையானது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதிவுகளைப் பகிர்ந்தவர்களில் பலர் வெள்ளிக்கிழமை குத்பாவில் ஸஹீஹ், ளயீஃப் என்று பிரித்துப் பேசுகிறவர்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதைக் கண்டிக்கும் அறிவிப்பை இமாம் முஸ்லிம் தன் தொகுப்பின் முகவுரையிலேயே வைத்திருக்கிறார். அதை நாம் பிள்ளைகளுக்கு மனனமும் செய்விக்கிறோம்.

வாப்பாவின் விதிக்கு இப்போது வரலாம். ஹதீஸ் விமர்சகர்கள் பக்கச்சார்புள்ளவரை என்ன செய்தார்கள்? தூக்கி எறிந்தார்கள் என்றுதான் நினைப்போம். இல்லை. இம்ரான் இப்னு ஹித்தான் ஒரு காரிஜி. அலி ரளியல்லாஹு அன்ஹு அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து கவிதை பாடியவர். அவருடைய அறிவிப்பு ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. ஷீஆச் சார்புள்ளவர்கள், கதரிய்யாக் கருத்துள்ளவர்கள் என்று அறியப்பட்டவர்களின் அறிவிப்புகளும் ஸஹீஹான கிரந்தங்களில் உண்டு. பார்த்தது இரண்டு: ஆள் பொய் சொல்லாதவரா, கேட்டதைச் சிதையாமல் காப்பவரா. நுட்பங்களில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர்களில் பலர் வைத்த ஒரு நிபந்தனை நம் காலத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. தன் கொள்கையின் பக்கம் மக்களை அழைப்பவர் சொல்லும் செய்தி அதே கொள்கைக்கு வலுச் சேர்ப்பதாக இருந்தால் அதை எடுக்காதீர்கள், மற்றதை எடுக்கலாம். அரசாங்கப் பத்திரிகை அரசாங்கத்தைப் புகழ்வதை வாப்பா எடுக்கமாட்டார். அது அரசாங்கத்துக்குக் கசப்பான ஒன்றைச் சொன்னால் எடுப்பார்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நமது சமூகத்துக்குள் நடக்கும் ஒரு பெரிய சண்டையையும் வேறு மாதிரி வாசிக்கலாம். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம். 1951ஆம் ஆண்டுச் சட்டம். 2009இல் நீதியரசர் ஸலீம் மர்ஸூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது, 2018 ஜனவரியில்தான் அறிக்கை கையளிக்கப்பட்டது, அதுவும் இரண்டாகப் பிரிந்து. அதன் பிறகு ஒரு பக்கத்தில் ‘ஷரீஆவையே ஒழிக்கப் போறாங்களாம்’, மறுபக்கத்தில் ‘மௌலவிமார் ஒரு எழுத்தையும் மாத்த விடமாட்டாங்களாம்’. இரண்டு முகாமிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. இரண்டு முகாமிலும் சட்டத்தைத் திறந்து பார்த்தவர்கள் சொற்பம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையின் திருமணத்தைக் காதியின் அனுமதியோடு பதியலாம் என்று சட்டத்தில் இருக்கிறது என்றால், ஒரு தரப்பார் ‘இது என்ஜிஓக்காரர்கள் கட்டிய கதை’ என்பார்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் 23ஆம் பிரிவில் இருக்கிறது. அதே நேரம், வயதெல்லையை உயர்த்த வேண்டும் என்பதில் குழுவின் இரண்டு தரப்பும் உடன்பட்டிருந்தன, எவ்வளவு என்பதில்தான் பிரிந்தன. இதை மறுதரப்பார் சொல்லுவதில்லை. எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேர் ஒரே விடயத்தைச் சொன்னால் அதுதான் நாம் கேட்கும் மிக வலுவான சாட்சியம். சண்டையின் சத்தத்தில் அதுவே முதலில் காணாமற் போனது. எனது கருத்து எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு: வயது பதினெட்டாக வேண்டும், மணமகளின் கையொப்பம் வேண்டும் என்பவன் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதியதை எழுதுகிறேன், வாசகர் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

அதிகாரபூர்வமான மூலம் என்றால் நம்பலாமா? இந்தக் கேள்விக்கு ஜனாஸா எரிப்புக் காலம் கசப்பான பாடம். 2020 ஏப்ரல் வர்த்தமானி கொவிட் மரணங்களை எரிக்க வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. நிலத்தடி நீர் என்றார்கள், நிபுணர் குழு என்றார்கள். ஆள் மஜ்ஹூல் அல்ல, பெயரும் பட்டமும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு அடிப்படையான ஆய்வு எது என்று கேட்டால் வரிசை அந்த இடத்தில் அறுந்தது. முன்கதிஃ. பதவி பெரியது என்பதற்காக அறுந்த வரிசை பொருந்திவிடாது. இருபது நாள் குழந்தையின் ஜனாஸாவையும் எரித்தது அப்படியொரு வரிசையை நம்பித்தான். அந்தக் கொள்கைக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

அதே காலத்தில் இன்னொன்றையும் கற்றோம். 2021 பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் பாராளுமன்றத்தில் அடக்கம் அனுமதிக்கப்படும் என்றார். குழுக்களில் ஷுக்ர் செய்திகள் குவிந்தன, சிலர் மையித்தோடு வைத்தியசாலை வாசலுக்கே போகத் தயாரானார்கள். அடுத்த நாளே அரசாங்கத் தரப்பிலிருந்து வேறு கதை வந்தது. வர்த்தமானி வந்தது அந்த மாத இறுதியில், ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது மார்ச் 5ஆம் திகதி. பிரதமர் சொன்னது பொய்ச் செய்தி அல்ல, அவர் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் ஒரு பேச்சு வேறு, ஓர் ஆவணம் வேறு. எந்த விடயம் எந்தக் காகிதத்தால் நடைமுறைக்கு வருகிறது என்று தெரியாவிட்டால் உண்மையான செய்தியும் நம்மை ஏமாற்றும். சுற்றுநிருபம், அமைச்சரவைத் தீர்மானம், சட்டமூலம், வர்த்தமானி, சட்டம்: இந்த ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சாதாரண தரப் பரீட்சையில் குடியியலுக்கு ஏ எடுத்துவிடலாம். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது.

மூலம் எங்கே என்று கேட்டால் உண்மையில் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஹன்சார்ட் இருக்கிறது. பாராளுமன்ற இணையத்தளத்தில் எவரும் எடுக்கலாம். உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும். ஆகவே நம் உறுப்பினர்கள் சபையில் சிங்களத்தில் என்ன பேசினார்கள், ஊருக்கு வந்து மேடையில் தமிழில் என்ன பேசினார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சில வேளை சிரிப்பு வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழில் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு காணியைக் குப்பை கொட்டக் கொடுத்துவிட்டார்கள் என்று இரண்டு கட்சிக்காரர்கள் ஆளையாள் திட்டிக்கொண்டிருந்தபோது, மூன்று பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதினார்கள். பதில் வரத் தாமதித்தது, ஆனால் வந்தது. காணி கொடுக்கப்படவுமில்லை, மறுக்கப்படவுமில்லை. விண்ணப்பம் கோவையில் கிடந்தது. இரண்டு கட்சியும் சொன்னதில் கால்வாசி உண்மை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஆள் அகப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு செய்திக்கும் கடிதம் எழுத முடியாது என்பார்கள். சரிதான், கடைக்குப் போகிறவருக்கும் வயலுக்குப் போகிறவருக்கும் அது வேலையல்ல. ஹதீஸையும் ஒவ்வொருவரும் ஆராயவில்லை, அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள், அவர்களின் குறிப்புகளை மற்றவர்கள் நம்பினார்கள். நம்மிடம் இல்லாதது அந்த ஆட்கள்தான். நம் வாரப் பத்திரிகைகள் அந்த இடத்தை எடுத்திருக்கலாம். 2019க்குப் பிறகு சில நல்ல முயற்சிகள் நடந்தன, சில நிருபர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதினார்கள், அதை மறக்கக் கூடாது. ஆயினும் பெரும்பகுதி இன்னும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து போடுவதுதான். ஓர் அரசியல்வாதியின் ஊடகச் செயலாளர் அனுப்பிய பந்தி எழுத்துப் பிழையோடு மூன்று பத்திரிகையில் ஒரே வாரத்தில் வரும். வாசகர் மூன்று சாட்சி என்று எண்ணுவார். ஹதீஸ் விமர்சகர் அதை ஒரே சாட்சியாகத்தான் எண்ணியிருப்பார்.

ஆகவே பத்திரிகைகளிடம் நான் கேட்பது சிறிது. நடுநிலை வேண்டாம். மொழிபெயர்த்துப் போடும் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, யார் மொழிபெயர்த்தது என்று ஒரு வரி. அறிக்கை என்றால் ‘அனுப்பப்பட்ட அறிக்கை’ என்று ஒரு வரி. கேள்விப்பட்டது என்றால் பேச்சுத் தமிழ் வந்தாலும் பரவாயில்லை, அந்த ‘ஆம்’ அப்படியே இருக்கட்டும். இந்த இதழிடமும் ஒன்று கேட்கிறேன். ஓர் அரபுத் தமிழ்ப் பாடலின் காலத்தைப் பற்றிக் கட்டுரை அனுப்பினால் அச்சுப் பிரதி எங்கே, எந்தப் பதிப்பு என்று ஆசிரியர் குழு கடிதம் போடுகிறது, நன்று. அதே இதழின் முன்பக்கத்து அரசியல் குறிப்புகளில் ‘அறியமுடிகிறது’ என்ற சொல் கடந்த மூன்று இதழ்களிலும் உண்டு. யார் அறிந்தார், யாரிடமிருந்து என்று அடுத்த இதழில் போடுவீர்களா?